வியாழக்கிழமைக் கட்டுரை

கொழும்பு கொட்டாஞ்சேனை ரொஷேல், அதே நகரின் கொள்ளுப்பிட்டியில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பதினொரு வருடம் எழுத்துப் பிழை திருத்தியவர். ஆட்குறைப்பில் வேலை போனதும், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு இஸ்ரேல் போனார். ஹைஃபாவில் ஹானா என்ற எண்பத்தாறு வயதுப் பெண்ணைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, கைபிடித்து நடத்திப் போவதுதான் வேலை.

ஆறாம் மாதம் பழைய ஆசிரியர் சிவபாதசுந்தரம் தொலைபேசியில் கூப்பிட்டார். “அங்கத்தைச் சனம் எப்பிடிச் சீவிக்குதெண்டு வாரம் ஒருக்கா எழுதுங்கோ பிள்ளை. அரசியல் வேண்டாம். சாப்பாடு, பஸ், சந்தை, அவ்வளவுதான்.”

அடுத்தவர் எழுத்தையே திருத்திப் பழகிய ரொஷேலுக்கு முதல் கட்டுரை எழுத ஒன்பது நாள் பிடித்தது. பிறகு பழகிவிட்டது. வெள்ளி மத்தியானம் ரொட்டிக் கடையில் அடிபடும் கூட்டம், பஸ் சாரதியோடு ஹானா போடும் சண்டை எல்லாம் எழுதினார். ஒரு காலை ரொக்கெட் வருகிறதென்று சைரன் ஊதியபோது, பக்கத்து வீட்டுக்காரர் பாதிச் சவரம் செய்த முகத்தோடு பாதுகாப்புக்காகப் படிக்கட்டில் வந்து நின்றதையும் எழுதினார். வியாழக்கிழமைகளில் பத்திரிகை வந்தது. பாராட்டியும் ஏசியும் கடிதங்கள் வந்தன.

இரண்டு வருடம் கழித்து லீவில் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தார். அதே மாடிக் குடியிருப்பில் மேல்வீட்டு ஜவாஹிறா, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள், தேத்தண்ணியோடு இறங்கி வந்தாள்.

“எல்லாத்தையும் வாசிச்ச நான்,” என்றாள். “அந்தப் படிக்கட்டுக் கதைய வாசிச்சு ஒனக்காக அல்லாஹ்ட்ட துஆ கேட்ட. அந்தக் கிழவிக்கும் சேத்துத்தான். பொறகு டீவியப் போட்டா காஸாப் புள்ளைகள். நான் துஆ கேட்டதே பிழையோன்னு ஈக்கிது. என்ன செய்றதுன்னு நீ சொல்லு.”

ஹானாவின் பேரன் இராணுவத்தில் இருந்தான். அவன் படம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. அவனுக்கு ஏதும் நடந்தால் கிழவி சாப்பாட்டை விட்டுவிடுவாள் என்று பயந்து, ரொஷேலும் அவனுக்காக மாதாவிடம் மன்றாடியிருக்கிறார். அதை அவர் எழுதியதேயில்லை. அவன் எங்கே, யாரைச் சுடுகிறான் என்று கேட்டதுமில்லை. ஜவாஹிறாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லவும் முடியவில்லை.

“எனக்கும் தெரியாது,” என்றார்.

அந்த வாரக் கட்டுரையில் பேரனைப் பற்றியும் தோழியின் கேள்வியைப் பற்றியும் பெயர் போடாமல் எழுதினார். சிவபாதசுந்தரம் இரண்டு பந்திகளையும் வெட்டினார்.

“இது நாளாந்த வாழ்க்கை இல்லைப் பிள்ளை.”

“இதுதான் சேர் எனக்கு ஒவ்வொரு நாளும் நடக்கிறது.”

அவர் மறுக்கவில்லை, போடவுமில்லை. மிச்சம், ஹைஃபாச் சந்தை ஊறுகாயைப் பற்றிய கட்டுரையாக வெளிவந்தது.

வெட்டியதை ரொஷேல் சொன்னபோது ஜவாஹிறா பெருமூச்சு விட்டாள். “நல்லதுதான். நாநா வாசிச்சிருந்தா, கிழவிக்கு ஏன் துஆன்னு என்னைத்தான் கேட்டிருப்பார்,” என்றாள், தன் தமையனை நினைத்து. நிம்மதிப்பட்டாளா, வருத்தப்பட்டாளா என்று ரொஷேலுக்கு விளங்கவில்லை. ஜவாஹிறாவுக்கே விளங்கியதாகத் தெரியவில்லை.

ரொஷேல் திரும்பிப் போனார். ஹானாவைக் குளிப்பாட்டவும் ஆள் வேண்டும்தானே. இப்போதும் எழுதுகிறார். ஆசிரியருக்கு அனுப்புமுன், வெட்டப்படப்போகும் பந்திகளோடு ஜவாஹிறாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். சில வாரம் நீளமான பதில் வரும். சில வாரம் வாசித்ததற்கான நீல அடையாளம் மட்டும் விழும். அந்த வாரங்களில் என்ன பிழையாக எழுதினோம் என்று மறுபடி முதலிலிருந்து வாசித்துப் பார்க்கிறார்.