மேலிருந்து பார்த்தால் வசதி

உதவிப் பணம் கொடுப்பதற்காக, செயற்கைக்கோள் எடுத்த படத்தில் கூரைகளைப் பார்த்து யார் ஏழை, யார் வசதி என்று கணிக்கிறார்கள். அது சரியா என்று நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. ஆரையம்பதியில் 'வசதி' என்று குறித்திருந்த வீட்டில் பளபளக்கும் புதுத் தகரத்துக்குக் கீழே சுவரெல்லாம் தென்னோலைக் கிடுகுதான். மகளுக்குக் கொடுக்கப்போகும் சீதன வீடாம். அந்த வீட்டுக்கார அம்மா பேசும்போதெல்லாம் அகப்பைக் காம்பால் தகரத்தைத் தட்டிக் காட்டினார்.

"பிழையாக் குறிச்சிட்டாங்க அம்மா. திருத்திவிட்டா உதவி கிடைக்கும்," என்றேன்.

"ஐயோ, வேணாம் புள்ள! நாளைக்கு மாப்பிள்ள வீட்டாக்கள் வாறாங்க. கலியாணம் முடியுமட்டும் நாங்க வசதியாவே இருந்திட்டுப் போறம்."

நான் திருத்தவில்லை. படத்தில் அந்தக் கூரை இன்னும் மின்னுகிறது. கலியாணம் முடிந்ததா என்றுதான் அதில் தெரியவில்லை.