ஒன்பது வருடத்துச் சந்தனம்

ஒரு கம்பெனியை மனதாரத் திட்டுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறது. சம்பளமில்லாமல் ஒன்பது வருடம் அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் செய்தவன் நான். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் யார் கம்ப்யூட்டர் என்று வாயெடுத்தாலும், உலகத்திலேயே அவர்கள் மட்டும்தான் அதைச் செய்கிறார்கள் என்பதுபோல் பேசியிருக்கிறேன். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். அது மட்டும் நல்ல தாளில், சொன்ன தேதிக்கு வந்து சேரும்.

முதல் மெஷினை நான் தொண்ணூற்றெட்டின் தொடக்கத்தில் வாங்கினேன். சந்து முனையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து டிடிபி சென்டர் என்று போர்டு மாட்டியிருந்தேன். எங்கள் சந்து முழுக்க தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். அதனால் கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் வேண்டும். தமிழ்ப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு வயதாகிவிட்டது, மலையாளப் பக்கத்தைப் படிப்பவர்கள் பத்திரிகை இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த இரண்டு பக்கமும் அடித்துத்தான் நான் பிழைத்தேன்.

அந்த மெஷினைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வெண்ணெய் நிறத்தில் இரும்புப் பெட்டி. உள்ளே தகட்டின் ஓரங்களையெல்லாம் மடித்து மழுக்கியிருந்தார்கள், கையை விட்டால் கீறாது. கூடவே வந்த புத்தகம் பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தின் தடிமன். மழைக்காலத்தில், காயல் தண்ணீர் பொங்கி ஏறும் வேலியேற்றமும் சேர்ந்து இரண்டு முறை கடைக்குள் கணுக்கால் வரை தண்ணீர் வந்தது. ஒரு தடவை பெட்டியின் அடிப்பாகம் அரை மணி நேரம் நனைந்தே நின்றது. மூன்று நாள் காயவைத்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். எப்போதும் போல ஒரு பீப் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தது. அந்த பீப்பைக் கேட்டுத்தான் நான் கெட்டேன்.

எங்கள் பூசையைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி நவராத்திரி அஷ்டமி மாலையில் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் பூசைக்கு வைத்தால், தசமி காலைவரை யாரும் தொடக்கூடாது. என் அப்பா நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி. வருடத்துக்கு ஒரு நாள் அவருடைய தள்ளுவண்டி மாலை போட்டுக்கொண்டு நிற்கும். அதைக் கழுவித் துடைத்து அவர் மூன்று விரலால் சந்தனம் இழுக்கிற அழகை எந்த வாத்தியாரும் சாக்பீஸில் காட்டியதில்லை. அவருக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. சந்தில் யாருடைய தையல் மெஷினானாலும் ஆட்டோவானாலும் பன்னீரில் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு நான்தான் போவேன். என் கம்ப்யூட்டருக்கும் வருடா வருடம் நெற்றியில் மூன்று கோடு, நடுவில் குங்குமம். பழையதைத் துடைப்பதில்லை, அதன்மேலேயே இழுப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா சுக்கு கோடவுனில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். புருஷன் போனபின் ஒரே மகளை பி.காம் வரை படிக்க வைத்தார். அந்தப் பெண் எறணாகுளத்தில் மூன்று மாதம் ஒரு பயிற்சி முடித்தாள். அமெரிக்க டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு டைப் அடிக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருந்தால். தொடர்ந்து மூன்று நாள் வேலை அனுப்பாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அக்கா இடுப்பு வலியோடு கோடவுனில் குந்தியிருந்த காலம் அது. மகள் வீட்டில் உட்கார்ந்து சம்பாதித்தால் அக்கா எழுந்துவிடலாம். எல்லாம் அந்த ஒரு வேலையைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தோப்பும்படியில் ஒரு சேட்டன் இருந்தார். மீன்பிடி போட்டுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுதுபார்த்தவர், பிறகு கம்ப்யூட்டரும் அசெம்பிள் செய்து கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் அவரிடம் விலை கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"மாமா, அந்தச் சேட்டன் ஒரு வாரத்துல பண்ணித் தராராம். ரிப்பேர்னா வீட்டுக்கே வந்து பாப்பாராம்."

"ரிப்பேரைப் பத்தி முன்னாலேயே சொல்றான் பாரு. ஆன் பண்ணினா மீன் வாடை அடிக்கும். கம்பெனி சாதனம் வாங்கு, பத்து வருஷத்துக்கு அவங்க மூஞ்சியிலேயே முழிக்க வேண்டாம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன தெரியும்."

ஓணத்துக்கு முன்னால் மெஷின் வந்தது. கறுப்பு நிறம், வெள்ளிக் கோடு, முன்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டைகள். நான் ஒரே கையில் தூக்கி மேசையில் வைத்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு கூடுதல் வயரை மாட்ட அதே கையால் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன், தகட்டின் ஓரம் விரலைக் கிழித்தது. புத்தகம் கிடையாது, ஒற்றைத் தாள்தான். அதில் முக்கால்வாசி சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் படம். நான் விரலைச் சப்பிக்கொண்டு, "டெக்னாலஜி வளர வளர எடை குறையும்" என்று அக்காவுக்கு விளக்கம் சொன்னேன். கம்பெனிக்காரனுக்கே தோன்றியிராத சாக்கு அது.

இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரத்தில் தானாக அணைய ஆரம்பித்தது. அந்தப் பெண் ஓடி வந்து சொன்னாள். "கரண்டு வோல்டேஜ் குறைவு" என்றேன். மறுநாளும் வந்தாள். "கேபிள் லூஸ்" என்றேன். கம்பெனிக்குப் போன் செய்யலாமா என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று போடத் தோன்றுகிறது.

"பூசை வருதுல்ல. ரெண்டு நாள் ஓய்வா இருக்கட்டும். வச்சு எடுத்தா எல்லாம் சரியாகும்."

இப்படி ஒரு அறிவாளித்தனம் எங்கள் சந்துக்காரனுக்குத்தான் வரும். வாரண்டி இருக்கிற மெஷினை, கெட்டுப்போனது தெரிந்தும், சர்வீஸுக்கு அனுப்பாமல் சரஸ்வதிக்கு அனுப்பி வைத்தேன். நோஞ்சானுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று சந்தனத்தையும் தாராளமாக இழுத்தேன். அந்தச் சல்லடைமேல் விரல் போனபோது, கோடு நிற்காமல் ஓட்டைகளுக்குள் இறங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

தசமியன்று காலை விளக்கேற்றி, அந்தப் பெண் ஸ்விட்சைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

அன்று மதியமே மூன்று பேரும் எறணாகுளத்து சர்வீஸ் சென்டருக்கு ஆட்டோவில் போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன். வாழ்த்துச் சொல்ல ஒருத்தி, தண்ணீர் கொடுக்க ஒருத்தன். பழுதுபார்க்கும் ஆளைத் தவிர எல்லா ஆளும் இருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து டை கட்டிய ஒரு பையன்போன்ற இன்ஜினீயர் வந்தான். மெஷினைத் திறக்கக்கூட இல்லை. முன்பக்கச் சல்லடையை டார்ச் அடித்துப் பார்த்தான், நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான்.

"உள்ளில் எந்தோ ஒழிச்சிட்டுண்டு. வாரண்டி கிட்டில்ல சேட்டா" என்றான். உள்ளே எதையோ ஊற்றியிருக்கிறீர்களாம், வாரண்டி கிடையாதாம்.

"பூசைக்கு முன்னாலேயே அணைஞ்சு அணைஞ்சு போச்சு" என்று அந்தப் பெண் சொன்னாள். முன்னாலேயே ஏன் போன் செய்யவில்லை, கம்ப்ளெயின்ட் நம்பர் இருக்கிறதா என்று அவன் கேட்டான். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

இதை யார் பூசியது என்று அடுத்த கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார்: "நான்தான் சாரே. சந்தனம்தானே, விஷமா?" அவன் அதைப் படிவத்தில் எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். நான் வாங்க விட்டேன்.

மறுநாள் காலையில் கோபம் வந்தது. சந்தனத்தால் மெஷின் சாகுமென்றால் என் மெஷின் ஒன்பது தடவை செத்திருக்க வேண்டும். மானிட்டர், கீபோர்டு, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினேன். பெட்டியின் நெற்றியில் ஒன்பது வருடத்துச் சந்தனம் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து விரல் கனத்துக்கு இருந்தது. தோப்பும்படிப் பாலம் ஏறும்போது அதைக் குழந்தையைப் போல மடியோடு அணைத்துக்கொண்டேன்.

கவுண்டரில் பிளக் தரமாட்டேன் என்றார்கள். வாசல் செக்யூரிட்டி, பாலக்காட்டுக்கார வயசாளி, தன் ஃபேனைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக்கைக் காட்டினார். மாட்டினேன். பீப் என்றது. டோக்கனோடு உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து வந்து சுற்றி நின்றது. நேற்றைய டை கட்டியவனைக் கூப்பிட்டேன்.

"இது உங்க கம்பெனிதானே? இதுல பூசினதும் சந்தனம்தான். பார்த்துச் சொல்லுங்க."

அவன் குனிந்து பார்த்தான். மூடியின் ஓரத்தை விரலால் தடவினான். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "சேட்டா, அன்னத்தெ சாதனம் அங்ஙனெயா. இப்போ அதொன்னும் உண்டாக்குன்னில்ல." அந்தக் காலத்துச் சாமான் அப்படித்தான், இப்போது அதெல்லாம் செய்வதில்லை என்றான். ஒரு கம்பெனியின் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அதுதான். அதையும் எழுதிக் கொடு என்றதற்கு, அவன் மேலாளர் வந்து, வாடிக்கையாளருக்குத்தான் விழிப்புணர்வு வேண்டும் என்று எனக்கு ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். அதிலும் அதே சிரிக்கிற குடும்பம்.

நான் வாதத்தில் ஜெயித்துவிட்டு மெஷினோடு திரும்பி வந்தேன். என் பழைய மெஷினில் உட்கார்ந்து அடிக்கலாமே என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். டாக்டர் குரல் விக்கி விக்கி வந்தது, ஒரு வாக்கியம் கேட்க ஐந்து நிமிடம் ஆனது. நான்காம் நாள் அவளுக்குப் போன் வந்தது. பட்டியலில் வேறு பெயர் சேர்த்துவிட்டார்கள்.

இனி வாரண்டிக்குப் பயமில்லை என்பதால், மெஷினைத் தோப்பும்படிச் சேட்டனிடம் கொண்டுபோனேன். நான் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவர் காதுக்கும் போயிருந்தது. ஒன்றும் கேட்காமல் திறந்தார். மதர்போர்டின்மேல் சிறுசிறு உருளைகளாக நிற்கிற கெப்பாசிட்டர்கள் வரிசையாகத் தலை வீங்கி, உச்சியில் பழுப்பாகக் கசிந்திருந்தன. சந்தனம் முன்பக்கத் தகட்டைத் தாண்டவே இல்லை. "மலிவுச் சரக்கு. இது பூசை வைக்காட்டியும் போகும்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு சாயா வரவழைத்தார். அந்தச் சாயாவைக் குடிப்பது கஷ்டமாக இருந்தது.

அதன்பின் அந்தக் கம்பெனியின் பெயரைக் கண்டாலே எனக்கு எரியும். பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் வந்தால் அதில்தான் செருப்பைச் சுற்றுவேன். தரம் குறைந்ததா என்று யாராவது கேட்டால் குறையவில்லை, குறைத்தார்கள் என்பேன். கனத்த இரும்பு எங்கே போனது, மடித்த ஓரம் எங்கே போனது, தடித்த புத்தகம் எங்கே போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள், என்னைப் போன்ற மடையன் அந்தப் பெயரை நம்புவான் என்று தெரிந்துதான். இதையெல்லாம் சாயாக் கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. யார் சந்தனம் பூசியது, யார் போன் செய்யவேண்டாம் என்றது என்ற பகுதி மட்டும் ஒரு தடவையும் என் வாயிலிருந்து வந்ததில்லை.

அந்தப் பெண் இடக்கொச்சியில் ஒரு இறால் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போனாள். இரண்டு வருடம். மாலையில் பஸ் இறங்கி வரும்போது விரல் நுனிகள் ஐஸில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அக்கா கோடவுனிலேயே குந்தியிருந்தார். இருவரும் என்னிடம் முகம் கோணியதில்லை. பலகாரம் செய்தால் முதல் தட்டு எனக்குத்தான் வரும். திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பிறகு ஒரு நாள் அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோப்பும்படிச் சேட்டன் செய்து கொடுத்தது. சுக்கு வியாபாரிகளின் பில்களையும் கடிதங்களையும் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். என்ன வாங்கலாம் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்.

அந்த வருடப் பூசைக்குச் சந்தெல்லாம் போய்விட்டு, கடைசியாகக் கிண்ணத்தோடு அவர்கள் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொன்னார்கள். மேசையில் மாலை போட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. நான் சரஸ்வதி படத்துக்குப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"இதுக்கும் வைங்க மாமா" என்றாள்.

நான் நின்றேன்.

"தைரியமா வைங்க. இதுக்கு வாரண்டி இல்ல."

அவள் கேலியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. விரலைச் சந்தனத்தில் தொட்டு மெஷின் பக்கம் கொண்டுபோனேன், அதற்குமேல் கை போகவில்லை. அக்கா அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மெஷினில் மூன்று கோட்டையும் தானே இழுத்துக்கொண்டாள்.