நான் அடிச்சு வுட்ட பழமொழி

எங்க ஆட்டோ ஸ்டாண்டுல என்ன பத்தி விசாரிச்சா, வாய வச்சிகினு சும்மா இருக்க தெரியாதவன்னு சொல்வாங்க. உண்மதான். ஒம்பதாவதோட பள்ளிக்கூடம் என்ன வுட்டுடுச்சு, நான் பேச்ச வுடல. தாம்பரத்துல இருந்து சேலையூர் கேம்ப் ரோடு வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்றேன். ஏறுன ஆளு எறங்குறதுக்குள்ள ஒரு தபாவாவது கலாய்க்கலன்னா அன்னிக்கு எனக்கு சோறு எறங்காது. இந்த வாயால ஒரு பொண்ணோட படிப்பே போவ பாத்துச்சு. அத்த சொல்றேன்.

போன மழைக்கு என் ஆட்டோ பின்சீட்டுக்குள்ள பாம்பு பூந்துடுச்சு. சேலையூர்ல ஒரு காலனி வாசல்ல வண்டிய போட்டுட்டு டீ குடிக்க போனேன், வந்து பாத்தா வாலு மட்டும் உள்ள போவுது. வாட்ச்மேன் ஒரு நம்பர் குடுத்தாரு. வந்தவன் என் வயசுக்காரன், இருளர் பையன், பாம்பும் எலியும் புடிக்கறதுல அவங்க கெட்டி, திருநீர்மலைக்கு அந்தாண்ட ஏரிக்கரையில வூடு. கையில ஒரு கோணிப்பை, வேற ஒன்னியும் இல்ல. நல்ல பாம்புன்னு காலனியே சொல்லிகினு இருந்துச்சு. அவன் சீட்ட தூக்கி எட்டிப் பாத்தான். "சாரை"ன்னு ஒரே வார்த்த. புடிச்சு பையில போட்டு கட்டிட்டு, டீ வாங்கிக் குடுன்னான். அன்னில இருந்து அவன் எனக்கு மச்சான். நான் நூறு வார்த்த பேசுனா அவன் ஒன்னு பேசுவான், அதனால சண்டையே வராது.

இத்தெல்லாம் நின்னு பாத்துகினு இருந்தாரு அந்த காலனி செக்ரட்டரி சார். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. காலனி கேட்டாண்ட ஒரு கரும்பலகை கீது, அதுல டெய்லி காலைல குளிச்சிட்டு வந்து ஒரு பழமொழி எழுதுவாரு. குப்ப வண்டிக்காரன்ல இருந்து கொரியர் பையன் வரைக்கும் அத்த படிச்சிட்டுத்தான் உள்ள போவணும். நல்ல மனுசன், அதுவும் சொல்லிடணும். மச்சான பாத்ததுல இருந்து அவருக்கு பழங்குடி ஞானம், பழங்குடி ஞானம்னு ஒரே பேச்சு.

மச்சானுக்கு ஒரு தங்கச்சி. பிளஸ் டூ முடிச்சிருந்துச்சு, நர்சிங் சேரணும். அவங்க சொந்தத்துல பிளஸ் டூ தாண்டுன மொத ஆளு அது. மார்க்கு கீது, ஆனா எஸ்.டி. சர்டிபிகேட் இல்ல. அப்பா சர்டிபிகேட் எங்கன்னு கேக்குறாங்க. அவரு வாழ்க்கையில வாங்குன ஒரே காயிதம் ரேஷன் கார்டு. மனு ரெண்டு தபா திரும்பி வந்துடுச்சு. நீங்க நெஜமாவே இருளர்தானான்னு சந்தேகமாம். அட்மிஷனுக்கு ஒரு மாசம் கூட இல்ல.

இத்த கேட்ட செக்ரட்டரி சார் ஒரு வழி சொன்னாரு. பொத்தேரி பக்கம் ஒரு காலேஜ்ல அவரு சொந்தக்காரர் வாத்தியாரு. அங்க பழங்குடிகளிடம் கற்போம்னு ஒரு விழா, மச்சான்தான் விருந்தாளி. தலம தாங்க வர்றது சர்டிபிகேட்ல கையெழுத்து போடற அதே ஆபீசரம்மா. மனுவ நேர்ல குடுத்துடலாம். எல்லாம் சரி, பேனர்ல போட ஒங்க மக்களோட பழமொழி ஒன்னு வேணும்னாரு.

மச்சான் யோசிச்சு பாத்துட்டு, அப்டி எங்களாண்ட எதுவும் இல்ல சார்னுட்டான். சாரு வுடுவாரா? அவன் போன்ல எப்பவும் சார்ஜ் இருக்காது, அதனால எனக்கு போன் மேல போன். பேஜாரா பூடுச்சு. கேம்ப் ரோடு சிக்னல்ல நிக்கும்போது அஞ்சாவது தபா அடிச்சாரு. பின்னால காலேஜ் பொண்ணுங்க மூணு பேரு ஒக்காந்துகினு இருந்தாங்க, எனக்கும் கொஞ்சம் சீன் போடணும்னு தோணுச்சு. பாம்பு, பொந்து, பொறுமைன்னு மூணு சாமான போட்டு கலக்கி, குரல தாழ்த்தி, அவங்க பழமொழின்னு ஒன்னு அடிச்சு வுட்டேன். இன்னா சொன்னேன்னு இங்க எழுத மாட்டேன், இப்பவும் கூச்சமா கீது. சார் அந்தாண்ட இன்னொரு தபா சொல்ல சொல்லி எழுதிகினாரு. அப்பால, "ஆயிரம் வருஷத்து வாசனை அடிக்குது தம்பி"ன்னாரு. பச்ச லைட்டு வுழுந்துச்சு, நான் போய்ட்டேன்.

விழா அன்னிக்கு நான்தான் ரெண்டு பேரையும் ஆட்டோல கூட்டிகினு போனேன். தங்கச்சி பைலை பிளாஸ்டிக் கவர்ல போட்டு மடியில வச்சிகினு வந்துச்சு. ஹால் வாசல்ல பத்தடிக்கு பேனரு. மச்சான் போட்டோ, அதுக்கு கீழ என் டயலாக்கு, அதுக்கும் கீழ இருளர் மூதுரைன்னு தங்கக் கலர்ல. ஏதோ நோட்டீசு ஓரத்துல பொடியா போடுவாங்கன்னு நெனச்சவன் நான்.

மச்சானுக்கு படிக்க வராது. தங்கச்சி படிச்சிச்சு. படிச்சிட்டு பேனர பாக்கல, என்ன பாத்துச்சு.

"யாருண்ணா சொன்னது இத்த?"

சும்மா தமாசுக்கும்மா, சாரு தொல்ல தாங்கலன்னேன். அது சிரிக்கல.

"ஏற்கெனவே வேஷம் போடறோம்னு நெனைக்கிறாங்க. இப்ப இத வேற நாங்க சொன்னதுன்னா?"

எனக்கு அப்பத்தான் ஒறைச்சுச்சு. சாராண்ட போய் சொல்லலாம்னு பாத்தா அவரு மேடையில மால பிரிச்சிகினு இருந்தாரு. ஆபீசரம்மாவும் வந்துட்டாங்க.

அந்தம்மா பேச எழுந்ததும் மொத வேலையா பேனரத்தான் படிச்சாங்க. நெறைய இருளர் குடியிருப்புல வேல பாத்திருக்கேன், இத நான் கேட்டதே இல்லையேன்னாங்க. மச்சான் பக்கம் திரும்புனாங்க.

"இத உங்க வீட்ல எப்ப சொல்வீங்க?"

செக்ரட்டரி சார், சொல்லுப்பா சொல்லுப்பான்னு மொகத்துலயே சொல்றாரு. நான் கடைசி வரிசையில இருந்து தலைய மேலயும் கீழயும் ஆட்றேன், சும்மா எதுனா சொல்லி சமாளிடான்னு. தங்கச்சி பைலை இறுக்கி புடிச்சிகினு தரைய பாத்துகினு கீது. மச்சான் மைக்க வாங்குனான்.

"இது எங்களுது இல்லம்மா. பொந்தாண்ட நாங்க பேசவே மாட்டோம். பேசுனா எலி ஓடிடும்."

ஹால்ல சிரிப்பு. அந்தம்மா சிரிக்கல. அப்ப இது யாரு சொன்னதுன்னு கேட்டாங்க. மச்சான் எந்த கோவமும் இல்லாம என்ன நோக்கி கைய நீட்டுனான். நான் எழுந்து நின்னேன். மொத்த ஹாலும் திரும்பி பாக்குது. நீங்க யாருன்னாங்க. "ஆட்டோங்கம்மா"ன்னேன். வாழ்க்கையில நான் பேசுன சின்ன பேச்சு அதான். சார் மூஞ்சிய பாக்க முடியல.

ஆபீசரம்மா மச்சானாண்ட, பேச மாட்டோம்னா புள்ளைங்களுக்கு எப்டி கத்துக் குடுப்பீங்கன்னு கேட்டாங்க. கூட்டிகினு போவோம், புள்ளைங்க பின்னால வரும்னான். அப்பால கொஞ்சம் யோசிச்சிட்டு, வெளிய வேப்பமரத்தாண்ட மூணு பொந்து கீது, உள்ள வரும்போது பாத்தேன், ஒன்னுலதான் எலி குடியிருக்குன்னான். நாங்களும் அதே வழியாத்தான் வந்தோம். நான் பேனர பாத்தேன், அவன் தரைய பாத்திருக்கான்.

மொத்த கூட்டமும் மரத்தாண்ட போச்சு. அவன் ஒக்காந்து வெரல் மட்டும் காட்னான். ஒரு பொந்து வாயில எட்டுக்கால் பூச்சிக்கூடு அறுபடாம கீது. இன்னொன்னுல சருகு வுழுந்து மக்கிப் போய் கீது. மூணாவதுல மண்ணு ஈரமா, புதுசா, வெளிய தள்ளி கீது. அவ்ளோதான். செக்ரட்டரி சார் கூட குனிஞ்சு பாத்தாரு. புடிச்சு காட்டச் சொல்லி ஒரு பையன் மெதுவா கேட்டான். இன்னாத்துக்கு, அது நம்பள ஒன்னியும் பண்லியேன்னான் மச்சான்.

அங்கியே தங்கச்சி பைலை நீட்டுச்சு. அந்தம்மா மரத்தடியிலயே பிரிச்சு படிச்சாங்க. சோதிக்கிற மாதிரி, மாசி மகத்துக்கு எங்கம்மா போவீங்கன்னு கேட்டாங்க. மகாபலிபுரம் கடற்கரைக்குன்னு சொல்லிச்சு தங்கச்சி. சேலையில கூடாரம் போட்டு தங்குறது, மணல்ல ஏழு படி கட்டி கன்னியம்மாவ கும்புடறது, அண்ணன் கல்யாணம் அங்கியே ஆனதுன்னு, அண்ணனுக்கும் சேத்து மூச்சு வுடாம சொல்லிச்சு. செவ்வாக்கெழம வூட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டு அந்தம்மா என்ன ஒரு பார்வ பாத்தாங்க. நீங்க வர வேணாம்னு அதுக்கு அர்த்தம்.

திரும்பி வரும்போது தாம்பரம் வரைக்கும் நான் வாயத் தொறக்கல. ஒடம்பு சரியில்லியான்னு மச்சான் கேட்டான்.

செவ்வாக்கெழம நான் ஏரிக்கர முனையில ஆட்டோக்குள்ளயே குந்திகினு இருந்தேன். தூரத்துல அந்தம்மா, எலிப் பொந்துக்கு பொக போடற சட்டிய கையில தூக்கி பாக்குறது தெரிஞ்சிச்சு. நாலு வூட்டுப் பெரியவங்கள சாட்சியா வச்சு எழுதிகினு போனாங்க. செக்ரட்டரி சார் என்னாண்ட ஒரு வாரம் பேசல. ஆனா கரும்பலகையும் ஒரு வாரம் காலியா இருந்துச்சு, வாட்ச்மேன் சொன்னாரு.

அட்மிஷனுக்கு நாலு நாளு முன்னால சர்டிபிகேட் வந்துச்சு. ஜெராக்ஸ் எடுக்க தங்கச்சி என் ஆட்டோலதான் ஏறிச்சு, முன்சீட்டாண்ட. வண்டிய ஓரங்கட்ட சொல்லி, காயிதத்த என் கையில குடுத்து படிக்க சொல்லிச்சு. ஒவ்வொரு வரியா படிச்சேன். அவ பேரு, அப்பா பேரு, இருளர், கீழ கையெழுத்து, சீலு. நல்லா கீதும்மான்னு திருப்பிக் குடுத்தேன். வாங்கல.

"இன்னொரு தபா பாருண்ணா. நீ சேத்தது எதுனா இதுல கீதா?"