தோண்டுற நாய்களும் கொண்டப்பநாயக்கன்பட்டிக் கலைவாணியும்

நாய்க்கு உக்காரு, எந்திரின்னு சொல்லிக் குடுத்துரலாம்; அது வாசல்ல ஏன் குழி தோண்டுதுன்னு கண்டுபுடிக்கறதுலதான் எங்க தொழில்ல முடி நரைக்கும். காலையில கதவத் தொறந்ததும், நேத்து நட்ட செடி வேரோட வெளிய கெடக்கறதப் பாத்துத் தலையில கைய வெச்சவங்க உங்கள்லயும் நெறைய பேரு இருப்பீங்க. உங்களுக்குத்தான் இதச் சொல்றேன்.

பத்தொம்பது வருசமா சேலம், நாமக்கல் சுத்துவட்டாரத்துல நாய் பழக்கறேன். தோண்டுற நாயின்னா "மாஸ்டரக் கூப்புடு"ன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆத்தூர்ப் பக்கம் இருந்து கலைவாணின்னு ஒரு பொண்ணு வந்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில நாய் விடுதி போட்டுச்சு. ஊருக்குப் போறவங்க நாயக் கொண்டாந்து விட்டுட்டுப் போற எடம். அதோட நிக்காம, தோண்டுற நாய்க்கும் வழி சொல்ல ஆரம்பிச்சுது. அன்னையில இருந்து என் போன் அடிக்கறது கொறஞ்சு போச்சு. பொறாமையான்னு கேக்காதீங்க. பொறாமைதான். பத்தொம்பது வருசம் கட்டிக் காத்த பேரு ஒரு சின்னப் புள்ளகிட்டப் போகுதேன்னு நெனைச்சா வயிறு எரியாம என்ன பண்ணும்?

ரோஜாச் செடிக்கடியில

சூரமங்கலத்துல ரயில்வேயில வேலை பாக்கற ஒருத்தரு. அவரு ஊட்டு லேப்ரடார் மத்த செடியெல்லாம் தொடாது. ரோஜாவ மட்டும் தேடித் தேடித் தோண்டும். மூணு வாரம் போய் "நோ" சொல்லிப் பழக்கினேன். நான் இருக்கற வரைக்கும் சாமியாராட்டம் உக்காந்திருக்கும். என் வண்டி முக்கு திரும்பறதுக்குள்ள மூஞ்சி பூரா மண்ணாயிருமாம். "கொழுப்புங்க, வேற ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பொறவு கலைவாணியக் கூப்புட்டிருக்காங்க. அந்தப் புள்ள நாயப் பாக்கவே இல்லியாம். செடிக்கடியில ஒரு கை மண்ண அள்ளி மோந்து பாத்துட்டு, "என்னங்கண்ணா உரம் போட்டீங்க?"ன்னு கேட்டிருக்குது. ரயில்வேக்காரரு சம்சாரத்தோட தங்கச்சி ஊட்டுல, நாமக்கல்லுல கோழிப்பண்ணை. மூட்டை மூட்டையா கோழி எருவும் முட்டை ஓடும் வந்து எறங்கும். எல்லாம் ரோஜாவுக்குத்தான். நாய்க்கு அது உரமாவா தெரியும்? பிரியாணியாத்தான் தெரியும்! எருவ மாத்தி மண்புழு உரம் போட்டு, செடியச் சுத்தி மண்ணுக்குள்ள கம்பி வலையப் படுக்க வெச்சுப் பொதைக்கச் சொல்லிட்டுப் போயிருச்சு. தோண்டறது நின்னே போச்சு. ரயில்வேக்காரரு எனக்கு போன் போட்டு ஆறுதலா வேற சொன்னாரு: "வருத்தப்படாதீங்க மாஸ்டர், நீங்க நாயப் பாத்தீங்க, அந்தப் புள்ள மண்ணப் பாத்துச்சு."

பூசை போட்ட குழி

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ரிக் வண்டி ஓனரு. ஊரு ஊராப் போயி போர் போடறவருக்கு, சொந்த ஊட்டுல ரெண்டு போர் போட்டும் புழுதிதான் வந்துச்சு. அவரு நாய் சித்திரை வெயில்ல தெனமும் மத்தியானம் ஒரே எடத்துல தோண்டி, அந்தக் குழியில சுருண்டு படுத்துக்கும். மண்ணு ஈரமா இருக்கும். நான் போறப்ப குழிக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, தேங்கா ஒடைச்சு முடிச்சிருந்தாங்க. நாய் நீரோட்டம் காட்டுதாமா! மறுநாளு அங்கயே மூணாவது போர் போடறதா ஏற்பாடு.

"ஏனுங்க, வெயிலு தாங்காம சில்லுன்னு படுக்கத் தோண்டுதுங்க. வாஷிங் மெசின் தண்ணி போற பைப்பு அங்க எங்கியாச்சும் ஒடைஞ்சிருக்கும். மேல நெழலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டி, தொட்டியில தண்ணி வெச்சா விட்டுரும்"னேன். "எத்தனை ஆயிரம் போர் போட்டவன், எனக்கே தண்ணி சொல்றீங்களா?"ன்னு அவரு சிரிச்சாரு. அவரு மருமக கலைவாணிக்கும் சொல்லி விட்டிருந்துச்சு. அந்தப் புள்ளையும் வந்து எறங்குச்சு. இன்னைக்கு நல்லா மாட்டுச்சுன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. கலைவாணி குழியப் பாத்துச்சு, "அண்ணன் சொல்றது சரிதாங்க"ன்னுச்சு, மண்வெட்டிய வாங்கி ரெண்டு வெட்டு வெட்டுச்சு. ஒடைஞ்ச பைப்பு, சோப்பு நுரையோட. சொன்னது நான்தானுங்களே, பேரு எனக்குத்தான வரோணும்? ரிக் ஓனரு என் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னதும் இதையேதானுங்க மாஸ்டரே, ஆனா அந்தப் புள்ள சொன்னா ஒரு நம்பிக்கை வருதுங்க"ன்னாரு.

நானும் மண்ண மோந்தேன்

இதுக்கு மேல பொறுக்க முடியல. அடுத்தாப்புல சேந்தமங்கலத்துல ஒரு தோட்டத்து ஊட்டுல கூப்புட்டாங்க. செவுத்தோரம் வெறகுக்குப் பின்னாடி அவங்க பொட்ட நாய் ரெண்டு நாளா பள்ளம் பறிக்குது. நான் நாயத் திரும்பியும் பாக்கலீங்க. அது பாட்டுக்குப் பள்ளத்துல படுத்துக் கெடந்துச்சு. ஊட்டு ஆளுங்க எல்லாம் பாக்கற மாதிரி முட்டி போட்டு ஒரு கை மண்ண அள்ளி, கண்ண மூடி மோந்தேன். மண்ணு வாசம்தான் அடிச்சுது. ஆனாலும் விட்டுக் குடுக்க முடியுமா? "பெருச்சாளி இருக்குதுங்க. அதைப் புடிக்கத்தான் தோண்டுது"ன்னேன்.

அந்த ஊட்டம்மா கையில பால் சொம்போட வந்து நின்னாங்க. என்னையும் நாயையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. குட்டி போடற நாளு வந்தா எடம் தேடிக் குழி பறிக்கும்னு இந்த வாயாலயே நூறு பேருக்குச் சொல்லியிருக்கேன். என் கெரகம், அன்னைக்குத் தோணவே இல்ல. அந்தம்மா மெதுவாத்தான் கேட்டாங்க: "ஏனுங்க மாஸ்டரே, மண்ண அத்தன நேரம் மோந்து பாத்தீங்களே, அது வயித்தக் கொஞ்சம் பாக்கலீங்களா?"

எங்க ஊட்டுக் குழி

இப்பச் சொல்லப் போறத வெளிய யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க ஊட்டுல மணின்னு ஒரு நாட்டு நாய், ஆறு வயசு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கேட்டோரம் தோண்ட ஆரம்பிச்சிருச்சு. நானும் தெனம் சாயங்காலம் வந்து யாரும் பாக்கறதுக்குள்ள குழிய மூடுவேன். கல்லு வெச்சேன், பலகை வெச்சேன், ஒண்ணும் ஆகல. மாஸ்டர் ஊட்டு வாசல்லயே பள்ளம்னு வெளிய தெரிஞ்சா மிச்சமிருக்கற பேரும் போயிருமே! என் சம்சாரம் சரசு எதுவும் கேக்கல. தெரியலைன்னு நெனைச்சுட்டேன்.

ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் வந்து பாத்தா, கேட்டுல கலைவாணி ஸ்கூட்டர் நிக்குது. கூப்புட்டது சரசு. கட்டுனவளே அந்தப் பக்கம் போயிட்டாளேன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. கத்தலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மணி வந்து என் பேண்ட்ட ரெண்டு தடவ மோந்துட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சு. "பாத்தீங்களாண்ணா?"ன்னுச்சு கலைவாணி. "காலையில நீங்க வண்டிய எடுத்ததும் வந்துட்டேன், அப்ப இருந்து ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க போன பத்தாவது நிமிசம் தோண்டுது. வர்றப்ப உங்க மேல நாலு ஊட்டு நாய் வாசம். அதுங்களோட எல்லாம் வெளையாடறீங்க. இவனோட எப்பண்ணா கடைசியா வெளையாடுனீங்க?"

யோசிச்சுப் பாத்தேன். ஊரு நாயெல்லாம் என் கையப் பாத்து வாலாட்டுது. எங்க மணிக்கு நான் சோறு வெக்கற ஆளு, அவ்வளவுதான். வெக்கமாப் போச்சு. "இவனுக்குப் பொறாமைண்ணா, வேற ஒண்ணுமில்ல. வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நடக்கக் கூட்டிட்டுப் போங்க. பின்னாடி மூலையில மணல் கொட்டி, தோண்டறதுக்குன்னே ஒரு எடம் குடுத்துருங்க"ன்னுச்சு. சமையக்கட்டுல இருந்து டீயோட வந்த சரசு என்னைய ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னா: "அப்ப இது அப்பங்கிட்ட இருந்து வந்த வியாதிதான், கண்ணு!"

இப்ப கேட்டோரம் குழி இல்லீங்க. தெனமும் காலையில அந்த அரை மணி நேரம் மணியோட நடக்கறப்பதான், கலைவாணி மேல நிம்மதியாப் பொறாமைப்பட எனக்கு நேரம் கெடைக்குது.