ஸ்டேஷனுக்காக நான் சொன்ன பொய்

ஒன்பது வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருப்பூர்ப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மட்டும் இருபத்திரண்டு வருடம்.

பெருக்குகிற வேலை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கே வேலை என்று கேட்டால், "போலீஸ்லங்க" என்பேன். பொய்யாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். ஆயுத பூஜை அன்று ஸ்டேஷனில் துப்பாக்கிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார்கள். அந்த வரிசையின் கடைசியில் என் விளக்குமாற்றையும் வைத்து அதற்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். வருடா வருடம் அதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதே வளாகத்தில் பின்பக்கம் டி.எஸ்.பி. அலுவலகம் இருந்தது. அதைப் பெருக்க வந்தவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷனுக்குப் பனியன் கம்பெனியில் வேலை என்பதால் இங்கே வந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் சங்கத்தில் சேர்ந்திருந்தாள். ஸ்டேஷன்களிலும் அலுவலகங்களிலும் பெருக்குகிற, சமைக்கிற, எடுபிடி வேலை பார்க்கிற, காக்கி போடாத ஆட்களுக்கான சங்கம் அது. என்னையும் சேரச் சொல்லி நச்சரிப்பாள்.

"யக்கா, நமக்கு ஒண்ணுன்னா கேக்க ஒரு ஆளு வேணும்லா?"

"போலீசுக்கு ஏது கண்ணு சங்கம்? கொடி புடிக்கறவங்களைப் புடிச்சு வேன்ல ஏத்தறதே நம்ம சோலி. நாமளே கொடி புடிச்சா நல்லாவா இருக்கும்?"

"அது சரி. உங்களுக்குத் தொப்பி எப்பக்கா குடுத்தாவ? நான் பாக்கவே இல்லையே!"

அங்கே நின்றிருந்த ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. திருட்டுத்தனமாக நடந்த ஒரு சாயப்பட்டறையில் பிடித்த ஆசிட் கேன்கள், கழிப்பறைச் சுவரோரம் வெயிலில் கிடந்தன. ஒரு கேன் கசிந்து சிமெண்டுத் தரை பொங்கிப் போயிருந்தது.

"அம்மா, பெரியவரு வர்றதுக்குள்ள அந்தக் கேனை மறைவா நகத்திப் போட்டு, தண்ணி ஊத்தி உட்ருங்க" என்றார் ரைட்டர். "உங்களுக்குச் சொல்லித்தான் தெரியணுங்களா?"

அந்தக் கடைசி வார்த்தை போதும் எனக்கு. கையுறை கேட்கவில்லை. கனமாக இருந்ததால், "ஒரு கை புடி கண்ணு" என்று அவளைக் கூப்பிட்டேன். அவளும் வந்தாள். தூக்கியதும் இற்றுப் போயிருந்த அடிப்பக்கம் பிளந்தது. என் வலது கையிலும் அவள் இடது காலிலும் ஆசிட் அப்படியே கொட்டியது.

ஜீப்பில் ஏற்றினார்கள். ரைட்டர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பேசினார். குரல் தேனாக இருந்தது.

"அம்மா, கேஸ் பொருள் ஸ்டேஷன்ல கொட்டுச்சுன்னா இன்ஸ்பெக்டர் தலைதான் உருளும். ஊட்டுல பாத்ரூம் கழுவறப்பப் பட்டுதுன்னு சொல்லிப்போடுங்க. உங்கள நாங்க உட்ருவமுங்களா? நம்ம ஸ்டேஷனுங்க!"

பக்கத்தில் அவள் அழுதுகொண்டே போன் போட்டாள். சங்கத்துக்காரர் பேசினார். அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "நடந்தத நடந்தபடி சொல்லும்மா. யாரு என்ன சொன்னாலும் மாத்தாத. நான் பஸ் ஏறிட்டேன்."

"போனை வைம்மா" என்று ரைட்டர் அதட்டினார். இப்போது குரலில் தேன் இல்லை. அவள் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. எங்கே பட்டது என்று கேட்டார். "ஊட்டுலங்க" என்றேன். அடுத்த கட்டிலில் அவள், "ஸ்டேஷன்ல வச்சு டாக்டர், கேன் உடைஞ்சு போச்சு" என்றாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஜீப்புலதான வந்தீங்க? அந்தம்மா ஸ்டேஷன்லங்கறாங்களே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ரைட்டர் வாசலில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதுவதுதான் கடைசிவரை நிற்கும் என்று அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன்.

"எனக்கு ஊட்டுலதானுங்க. அவளுக்கு எப்படிப் பட்டுச்சோ எனக்குத் தெரியாதுங்க."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் புண் ஆறியது. மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி ஒட்டிக்கொண்டன. நல்ல சேலை உடுத்தி ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மாறுதலாகிப் போயிருந்தார். வாசலில் புதுப் போலீஸ்காரர்.

"என்ன புகாருங்க? மனு எழுதிட்டு வந்தீங்களா? அந்தப் பெஞ்சுல உக்காருங்க."

நான் தினமும் துடைத்த பெஞ்சு அது. உட்காரவில்லை, நின்றேன். ரைட்டர் வெளியே வந்து என் கையைப் பார்த்தார்.

"இந்தக் கையை வச்சுட்டு எப்படிங்மா பெருக்குவீங்க? வேற ஆளு போட்டாச்சுங்க. ஊட்டுல பட்ட காயத்துக்கு நாங்க என்னுங்க பண்றது?"

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை அவர். திரும்பி நடந்தேன்.

அவளுடைய கதை வேறு மாதிரி நடந்தது. சங்கம் எழுதி எழுதிக் கேட்டு, சிகிச்சையும் சம்பளத்தோடு விடுப்பும் வாங்கிக் கொடுத்தது. ஸ்டேஷன் பெயரைக் கெடுத்தாள் என்று அவள் மேல் விசாரணை வைத்தபோது, அந்தச் சங்கத்துக்காரர் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆனால் ஒரே ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. கூட இருந்தவளே வீட்டில் பட்டது என்கிறாளே, இவள் மட்டும் எப்படி ஸ்டேஷன் என்கிறாள் என்று கேட்டார்களாம்.

ஒருநாள் நொண்டிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தாள். சங்கத்துக்காரரும் கூட வந்தார். காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யக்கா, உள்ளதைச் சொல்லுவியளா?" என்றாள். அவ்வளவுதான்.

அவர் ஒளிக்காமல் பேசினார். "அம்மா, நீங்க எங்க உறுப்பினர் இல்ல. இதனால உங்க வேலை திரும்பி வரும்னு நான் ஆசை காட்ட மாட்டேன். இந்தப் புள்ள வேலை தப்பும்."

இரண்டு நாள் கழித்து அவர்களை வரச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும் என்றாலும், என் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் என்று எனக்கு ஒரு கர்வம். நான் பொய் சொன்னேன் என்று எழுதிய காகிதத்தில், இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன்.

அவள் வேலை தப்பியது. காலுக்குத் தோதாக உட்கார்ந்து பார்க்கிற வேலையும் கொடுத்தார்கள். எனக்காகவும் அவர்கள் ஒரு மனு எழுதிப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் சொன்னதை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் எனக்குத் தெரியாத சேதி ஒன்றும் இல்லை.

இப்போதும் சந்தையில் பார்த்தால், "யக்கா" என்று கூப்பிட்டு என் பையை வாங்கிக்கொள்வாள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சங்கம்தான் அவளை அதிகாரிகளிடமிருந்து காப்பாற்றியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்னிடமிருந்தும் காப்பாற்றியது என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.