கூடாரத்துக்குள் ஒரு தூரக் கோள்

"மயிலிட்டியிலை இருந்தோ வாறீர்? வீட்டிலை ஆரும் படிச்சவையோ? உந்தக் கூடாரத்தைத் தூக்கவும் உம்மாலை ஏலாது, உள்ளுக்கை இருக்கிற பிள்ளையளை அடக்கவும் ஏலாது."

நேர்முகத்தில் முதலாளி சொன்னது இது. அவர் யாழ்ப்பாணத்தில் ரியூசன் நிலையம் நடத்துபவர். பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய்க் காட்டவென்று காற்றடித்து நிறுத்தும் கூடாரக் கோளரங்கம் ஒன்றை வாங்கியிருந்தார். மயிலிட்டி கடற்கரை ஊர்; எங்கள் வீட்டில் ஓ.எல். பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பிறகு பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல். "ஓம் சேர், வீட்டிலை நான்தான் முதல்" என்று நிமிர்ந்திருந்தே சொன்னேன். வேலை கிடைத்தது.

1. முதுகு

இந்த வேலைக்கு வர நினைக்கும் தங்கச்சிமாருக்கு முதலில் சொல்ல வேண்டியது விண்வெளியைப் பற்றி அல்ல, முதுகைப் பற்றி. கூடாரத்தை வான் வண்டியிலிருந்து இறக்கி, விரித்து, புளோவரைப் பூட்டிக் காற்றடிக்க வேண்டும். புளோவர் நின்றால் வானமே தலையில் இறங்கிவிடும். வாசல் ஒரு துணிக்குழாய், தவழ்ந்துதான் போகலாம். உள்ளே வெக்கை, சப்பாத்துக் கழற்றிய கால்களின் மணம், புளோவரின் இரைச்சலுக்கு மேலால் என் குரல். ஒரு காலையில் நாலு காட்சி. மூன்றாவதில் தொண்டை அடைத்துவிடும். கறுப்புத்துளைப் படத்தை நான் நீளமாக ஓடவிடுவது தண்ணீர் குடிக்கத்தான்.

2. விளக்கு

வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் ஊர்களில் குத்துவிளக்கு ஏற்றாமல் எந்த நிகழ்ச்சியும் தொடங்காது. அதிபர் அம்மா எண்ணெயும் திரியுமாக விளக்கைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மிஸ், உள்ளுக்கை கொளுத்தேலாது. இது நைலோன்."

"நிகழ்ச்சி உள்ளுக்கை, விளக்கு வெளியிலையோ? நல்ல கதை!"

"நெருப்புப் பிடிச்சா நாங்கள் எல்லாரும்தான் மிஸ் வெள்ளியாய் மின்னுவம்."

விளக்கு வெளியே ஏற்றப்பட்டது. அடுத்த சிக்கல் பிரதம விருந்தினர். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. கஞ்சி போட்ட வேட்டி. "நான் தவண்டு போறதோ?" என்று குழாயைப் பார்த்தபடி நின்றார். அவசர வழியின் ஸிப்பை இழுத்துத் திறந்தோம். அவர் நடந்து வந்தார். காற்று வெளியே போனது. கூரை மெல்ல இறங்கி அவருடைய தலையிலேயே உட்கார்ந்தது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய காட்சியை நான் பிறகு காட்டவில்லை.

3. பனர்

அன்றைக்கு வாசலில் முதலாளி கட்டியிருந்த பனர்: "வேற்றுக்கோளில் உயிர் கண்டுபிடிப்பு! நேரில் காணுங்கள்!"

கே2-18பி என்ற கோளைப் பற்றிய செய்தி அது. அந்தக் கோள் தன் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது, அதன் வளிமண்டலத்தினூடாக வந்த ஒளியை விண்வெளித் தொலைநோக்கி ஒன்று பிரித்துப் பார்த்தது. அதில் ஒரு வாயுவின் சாயல் தெரிகிறது என்றார்கள் சில ஆய்வாளர்கள். பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலின் நுண்ணுயிர்கள். கடற்கரையில் எங்கள் மூக்கில் ஏறும் மணத்தில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அதே தரவுகளைப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், அந்தச் சாயலை நம்பப் போதிய பலம் இல்லை என்கிறார்கள். உயிர் இல்லாமலும் அந்த வாயு உண்டாகலாம். அங்கே கடல் இருக்கிறதா என்பதே முடிவாகவில்லை.

முதலாளி என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "பிள்ளை, இண்டைக்கு உயிர் இருக்கு எண்டே சொல்லும். சனம் 'தெரியாது' எண்டு கேக்கவோ வருது? மாத்திச் சொன்னால் நாளைக்கு வேறை ஆளை விடுவன்."

உள்ளே போய், உள்ளதை உள்ளபடி சொன்னேன். முன்வரிசையில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"அக்கா, அப்ப உயிர் இருக்கோ, இல்லையோ?"

"இன்னும் தெரியாது தங்கச்சி."

"பிறகேன் பனரிலை அப்பிடிப் போட்டவை?"

சிரிப்பு. "சோதினைக்கு வந்தால் என்னத்தை எழுதுறது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இருட்டுக்குள்ளிருந்து விருந்தினரின் குரல்: "உந்தப் பதிலைக் கேக்கவோ நான் வேட்டியைக் கசக்கினனான்?"

4. குரல்

அடுத்த நாள் முதலாளி கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டம்.

"உம்மடை குரல் நல்லம். 'உயிர் கண்டுபிடிச்சிட்டினம்' எண்டு ஒருக்காப் பதிஞ்சு தாரும். பேந்து நீர் தொண்டை நோகக் கதைக்கத் தேவையில்லை. வாசல்லை நிண்டு ரிக்கெற் பாத்தால் காணும். சம்பளம் குறைக்கமாட்டன்."

ஆசைப்பட்டேன். அவ்வளவு களைத்திருந்தேன். ஆனால் பதிந்த குரலிடம் ஒரு பிள்ளை கையை உயர்த்திக் கேட்டால் அது பதில் சொல்லாது. குடாநாடு முழுக்க, என்னுடைய குரலில், யாருக்கும் இன்னும் தெரியாத ஒன்று தெரிந்ததாக ஓடிக்கொண்டிருக்கும்.

"வேறை ஆரின்ரையும் குரலிலை பதியுங்கோ சேர். நான் விலகுறன்."

"உந்த ஒரு வசனத்துக்காகவோ?"

"ஓம் சேர்."

நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான்: இந்தத் தொழிலில் தெரிந்ததைச் சொல்வது பாதி வேலை. தெரிந்தது எந்த இடத்தில் முடிகிறது என்று காட்டுவது மற்றப் பாதி. அந்தப் பாதியை விற்றுவிட்டால் மிஞ்சுவது சுமை தூக்குவது மட்டும்தான்.

அந்த வடமராட்சிப் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ரீச்சர், நான் விலகியதைக் கேள்விப்பட்டுப் போன் எடுத்தார். "கூடாரம் இல்லாட்டியும் பரவாயில்லை, வாரும். பிள்ளையள் கேள்வியோடை நிக்கினம்." பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இருக்கிறதாம், இருட்டுத்தான் வேண்டும். நேற்று பஸ்ஸில் போய் ஆய்வுகூட யன்னல்களை அளந்துகொண்டு வந்தேன். கறுப்புத் துணி தைக்கக் கொடுத்தாயிற்று.