காப்பு கட்டிய கையில் பந்து வந்தது

மாரியம்மனை நம்பி விளக்கேற்றும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். என் பெயர் செல்வராணி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். நோயிலிருந்து எழுந்தவர்களும் விபத்தில் பிழைத்தவர்களும் இந்த வாசகர் பக்கத்தில் எழுதுகிறார்கள். படிக்கும்போதே எனக்குக் கண் கலங்கும். என் கஷ்டம் வேறு மாதிரி. பந்து என் கைக்கு வரவில்லை. சிரிக்காமல் கேளுங்கள், இந்தக் கஷ்டத்தில் நான் சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன்.

நான் கூடைப்பந்து ஆடுகிறவள். நல்ல உயரம். இந்த உயரத்துக்கு மாப்பிள்ளையை எங்கே போய்த் தேடுவது என்று அத்தைமார்கள் இப்போதே கவலைப்படுகிறார்கள். அந்த உயரத்துக்காகத்தான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விளையாட்டு இடம் கொடுத்தார்கள். ஃபார்வர்டாக ஆடினேன். வளையத்துக்குப் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் கொடுக்கும் பந்தை வாங்கிப் போடுவது என் வேலை. முதல் வருடம் முடிவதற்குள் பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பெண்கள் அணியைக் கலைத்துவிட்டார்கள். நாங்கள் ஓடிய கோர்ட்டில் பைக் நிறுத்த ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வளையத்துக்குக் கீழே நின்று அழுதுகொண்டிருந்தேன். காவலாளி வந்து, வண்டி எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்று அழும்மா என்றார்.

அதன் பிறகு கரூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு இரண்டாம் வருடத்தில் மாற முயன்றேன். நடுவில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது அம்மா எங்கள் ஊர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளைக்கு இடம் கிடைத்தால் ஆடித் திருவிழாவில் காப்பு கட்டிப் பால்குடம் எடுப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தார். எடுக்கப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரில் வேண்டுவது அம்மா, சுமப்பது பிள்ளை. எப்படியோ இடம் கிடைத்தது.

சேர்ந்த அன்றே அங்கே பயிற்சி தருகிற மேடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகப் போட்டியில் இறங்கி ஆடினால்தான் அடுத்த வருடமும் விளையாட்டு இடம் நிற்கும். இல்லாவிட்டால் விடுதியும் போய்விடும், படிப்பும் போய்விடும். அப்பா குறுவையையும் சம்பாவையும் நம்பிப் பிழைக்கிற மனிதர். கரூரில் என்னைத் தனியாகத் தங்கவைத்துப் படிக்கவைக்க அவரால் முடியாது.

ஆடிவிடலாம் என்று தைரியமாகத்தான் போனேன். ஆனால் என் இடத்தில் இரண்டு வருடமாக ஆடியவள், அணித்தலைவி ரம்யாவின் அறைத்தோழி. நான் வந்ததும் அவள் பெஞ்சில் உட்கார வேண்டியதாகிவிட்டது. பந்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவள் ரம்யா. அவள் எனக்குக் கொடுக்கவே இல்லை. என்னைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. பந்து மட்டும் வராது. இடப்பக்கம் போகும், வலப்பக்கம் போகும், என் தலைக்கு மேலேயும் போகும். வரப்பில் நிற்கிற கொக்கு மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நான் நிற்பேன். பந்தே வாங்காத ஃபார்வர்டை எந்த மேடம் போட்டிக்கு இறக்குவார்? விடுதியில் தலையணையில் முகத்தை வைத்து, தாயே, ஒரே ஒரு பந்து என் கைக்கு வரட்டும் என்று தினமும் கேட்பேன்.

இந்த நிலையில் ஆடி வந்தது. அம்மா போனில் காப்பு கட்டு வெள்ளிக்கிழமை என்றார். போட்டித் தேதி இன்னும் வரவில்லையே என்று இழுத்தேன். "ஆடியில எவனாச்சும் நல்ல காரியத்த வைப்பானா? எல்லாம் ஆவணிலதான் வரும், நீ கெளம்பி வா" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. கல்யாணம் வைப்பதில்லை, வீடு குடிபோவதில்லை, போட்டி மட்டும் வைப்பார்களா என்ன? மேடத்திடம் லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டினார்கள். பால்குடம் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை.

காப்பு கட்டிக்கொண்டவர்கள் பால்குடம் முடிகிறவரை வேறு ஊரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதைச் சின்னப் பிள்ளைகூட மீறாது.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். போட்டி இந்த வாரமே, தஞ்சாவூரில். புதன்கிழமை அணி வந்து இறங்கும், வியாழன் முதல் சனி வரை ஆட்டம். பல்கலைக்கழகத்துக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது என்பது அம்மாவுக்கும் எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. தினமும் காலையில் பஸ்ஸில் வந்துவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அணியோடு தங்காதவள் அணியில் இல்லை என்றார். பெண்பிள்ளைகளை வெளியூர் கூட்டிப் போகிறவர், அவர் பயம் அவருக்கு. போனை வைத்ததும் அம்மாவிடம் சொன்னேன். இங்கே கயிறு, அங்கே படிப்பு. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பா எதற்கும் யாரிடமும் போய் நிற்காதவர். எனக்காகப் பூசாரி மாமாவிடம் போய், காப்பை அவிழ்த்துவிட வழி உண்டா என்று கேட்டார். மாமா கோபப்படவில்லை. "கட்டுனதுதான் நானு. அவுக்கறது அவ. அவகிட்டயே கேட்டுக்கங்க" என்று கோயில் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டார்.

உள்ளே போனேன். அழகாக வேண்டிக்கொள்ள எனக்கு வரவில்லை. சண்டைதான் போட்டேன். இடத்தைக் கொடுத்ததும் நீ, அதைப் பிடுங்குவதும் நீயா என்று கேட்டேன். இதை அவிழ்த்துவிடு, இல்லாவிட்டால் மேடத்தின் மனதை மாற்று, இரண்டில் ஒன்றைச் செய் என்றேன். அம்மன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மஞ்சளும் வேப்பிலையுமாக எப்போதும் போல உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை காலையில் அம்மா என்னை எழுப்பி, கிளம்பு, மேடத்தை நேரில் பார்த்துக் கேட்போம் என்றார். காப்பு கட்டியிருப்பதால் செருப்பு போடவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறினோம். தஞ்சாவூரில் அணிக்கு ஒதுக்கிய வகுப்பறைக்குப் போனால், எல்லோரும் வாசலில் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் எரிந்துபோய், குளிக்கவும் தண்ணீர் இல்லை, குடிக்கவும் இல்லை. மேடம் லாட்ஜ் லாட்ஜாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் இடமில்லை, இன்னொன்று பெண்பிள்ளைகளைத் தங்கவைக்கிற மாதிரி இல்லை.

கேட்கக் கூடாத நேரம் பார்த்து அம்மா போய்க் கேட்டார். மேடம் எரிச்சலை அடக்கிக்கொண்டு, அணி எங்கே தங்குகிறதோ அங்கேதான் எல்லோரும் தங்க வேண்டும், இதில் மாற்றமே இல்லை என்றார். அம்மா தலையை ஆட்டினார். பிறகு இப்படிச் சொன்னார்.

"மாத்த வேணாங்க மேடம். புள்ள உங்ககூட தங்க முடியல, நீங்க எல்லாரும் புள்ளகூட வந்து தங்குங்க. ஆத்து நெறையத் தண்ணி ஓடுது. சோறு இருக்கு, கூடம் இருக்கு."

மேடம் போனைக் காதிலிருந்து எடுத்தார். அம்மாவைப் பார்த்தார், எரிந்துபோன மோட்டாரைப் பார்த்தார். சிரித்துவிட்டார். இப்படிப் பேச எப்படித் தோன்றியது என்று பின்னால் அம்மாவைக் கேட்டேன். "நானா பேசுனேன்? அவ பேசுனா" என்றார். நான் அதை அப்படியே நம்புகிறேன்.

விளக்கு வைப்பதற்குள் ஊருக்கு வந்துவிட்டோம். பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற கூட்டத்தை அப்பா பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரையும் வாங்க வாங்க என்று வரவேற்றார். பிறகு கொல்லைப்பக்கம் போய், மொத்தம் எத்தனை பேர் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். பக்கத்து வீடுகளிலிருந்து பாய் வந்தது, தலையணை வந்தது. ஒரு சித்தி முருங்கைக்கீரையோடு வந்தார். காப்பு கட்டிய வீட்டில் கவிச்சி கிடையாது என்றதும் முட்டை கேட்ட மேடத்துக்கு முகம் வாடிவிட்டது. அம்மா அவருக்கு மாவிளக்கு மாவை உருட்டிக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து மேடம் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

குளிக்க ஆற்றுக்குப் போனோம். மேட்டூர்த் தண்ணீர் படித்துறை நிறைய ஓடியது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ரம்யா மட்டும் மேல்படியில் நின்றாள். கரூரிலும் இதே காவிரித் தண்ணீர்தான், ஆனால் பாலத்து மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன் என்றாள். நான் கையை நீட்டினேன். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"விட்றாதடி" என்றாள்.

"நீ பந்து குடுக்கலன்னாலும் விட மாட்டேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டு எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் குடுக்கறேன்" என்றாள்.

மறுநாள் முதல் ஆட்டம். ஷூவும் ஒரு வகைச் செருப்புத்தானே என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பூசாரி மாமாவிடம் கேட்டால் என்ன சொல்வாரோ என்று பயந்து, இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிப் போட்டுக்கொண்டேன். ஆனால் நடுவர் மஞ்சள் கயிற்றைக் கழற்றச் சொன்னார். ரம்யா தன் கையிலிருந்த ரிஸ்ட்பேண்டைக் கழற்றி, கயிறு தெரியாமல் என் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். நடுவர் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஆட்டம் தொடங்கியதும் பந்து வந்தது. அத்தனை நாள் கேட்ட பந்து. வாங்கத் தெரியாமல் கோட்டை விட்டேன். இனி எனக்கு எங்கே தரப் போகிறாள் என்று நினைத்தேன். அடுத்த பந்தையும் எனக்கே கொடுத்தாள். அது வளையத்தில் விழுந்தது. பெஞ்சிலிருந்து முதலில் கைதட்டியவள் அந்த அறைத்தோழி. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதற்குப் பிறகு யாரைத் தடுத்தேன், எப்படி ஓடினேன் என்று சரியாக ஞாபகமில்லை.

தினமும் ஜெயித்துவிட்டு மாலை பஸ்ஸில் ஊருக்கு வருவோம். டீக்கடையில் கோப்பை எங்கே என்று கேட்பார்கள், இன்னும் முடியவில்லை என்போம். சனிக்கிழமை கோப்பையோடு வந்து இறங்கினோம். பறை அடிக்கிறவர்கள் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார்கள்.

மேடம் பைகளைக் கட்டச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. ரம்யாதான் பேசினாள்.

"ஊர்ல ராத்தங்கியாச்சுங்க மேடம். இனிப் பால்குடம் முடியாம எல்லை தாண்டக் கூடாதாமுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடே எங்கள் ஊரில் கிடையாது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பால்குடத்துக்குச் சந்தனம் பூசுவதில் மும்முரமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் குடம் சுமந்து நடந்தேன். ரம்யாவும் அறைத்தோழியும் இரண்டு பக்கமும் வந்தார்கள். மற்ற பிள்ளைகள் வழியெல்லாம் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பால் அம்மன் தலையில் இறங்கியதும் பூசாரி மாமா கயிற்றை அவிழ்த்தார். முந்தைய திங்கட்கிழமை அதற்காகத்தான் சண்டை போட்டேன். அன்றைக்கு அவிழ்த்திருந்தால் நான் தனியாகத் தஞ்சாவூர் போயிருப்பேன், தனியாகவே வளையத்துக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

என் இடம் நின்றது. பல்கலைக்கழக அணிக்கும் எடுத்தார்கள். இப்போது கடைசி வருடம் படிக்கிறேன். இந்த வருடம் போட்டித் தேதி வருவதற்கு முன்பே மேடம் அம்மாவுக்குப் போன் போட்டுக் காப்பு என்றைக்கு என்று கேட்டுக்கொண்டார்.

சகோதர சகோதரிகளே, அம்மனிடம் என்ன வேண்டுமோ அதைக் கேளுங்கள். கோபம் வந்தால் சண்டையும் போடுங்கள், அவள் தாய், பொறுத்துக்கொள்வாள். ஆனால் எப்படித் தர வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் இரண்டு வழி சொன்னேன், இரண்டையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பந்துதான் கேட்டேன். அதைக் கொடுக்கிறவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டாள்.